பத்து லிட்டர் போதும்

பிப்ரவரி 2, ஞாயிறு

புதுச்சேரி டைவிங் பள்ளியில் உதவியாளர் வேலை கிட்டத்தட்ட எனக்குத்தான். பதினாறாம் தேதி கடல் சோதனையில் தேற வேண்டும், அதுவும் முதுகில் மாட்டும் சொந்தக் காற்று சிலிண்டரோடு. தேறிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை. திருமுல்லைவாயில் நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குக் கால் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது போதும். எந்த சிலிண்டர் என்பதுதான் யோசனை.

பிப்ரவரி 5

அலுமினியமா, ஸ்டீலா? அலுமினியம் காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும். அதை அமுக்க இடுப்பில் ஈயக்கட்டி கூடுதலாகக் கட்ட வேண்டும். ஸ்டீலில் அந்தத் தொல்லை குறைவு. துருப் பிடிக்கும், நல்ல தண்ணீரில் கழுவினால் ஆயிற்று.

அளவு? நான் ஐந்தடி. காற்றும் எனக்கு அதிகம் செலவாகாது. பத்து லிட்டர் ஸ்டீல். முடிவு.

பிப்ரவரி 8

குளத்திலிருந்து வந்தால் ஹாலில் பதினைந்து லிட்டர் சிலிண்டர் நிற்கிறது! பக்கத்தில் சிரித்தபடி என் வீட்டுக்காரர் ஃபாரூக்.

"இன்னா ஜரினா, எப்டி கீது? பெருசா இருந்தா அடிக்கடி ரொப்ப வேணாம்ல?"

அம்பத்தூரில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரின் கணக்கு! அதோடு விட்டாரா?

"பட்டறைல ஆக்சிஜன் கீது. நானே ரொப்பிக் குடுத்துர்றேன்."

தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் சுவாசிப்பது வடிகட்டிய சாதாரணக் காற்று, ஆழத்தில் சுத்த ஆக்சிஜன் போனால் வலிப்பு வரும் என்றேன்.

"ஆஸ்பத்திரில அதானே குடுக்குறாங்க?"

"ஆஸ்பத்திரி கடலுக்கு அடியிலயா இருக்கு?"

முகம் சுண்டிப்போயிற்று. சரி, முதுகில் மாட்டியாவது பார்ப்போமே என்று மாட்டினேன். எழுந்தேன், அப்படியே சோபாவில் விழுந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், எவ்வளவு ஆசையாக வாங்கி வந்தாரோ!

பிப்ரவரி 9

ஃபாரூக் கோபத்தில் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும். நான் மூச்சு விடுகிற விஷயத்தில் தாட்சண்யம் பார்க்க முடியுமா?

பிப்ரவரி 12

"பத்து லிட்டர். ஸ்டீல். அதானே?" என்று மட்டும் கேட்டார். தூக்கிக்கொண்டு போய் மாற்றி வந்தார். அழுத்தச் சோதனை முத்திரை சரியாக இருக்கிறது. நன்றி என்றேன். "சரி சரி, சாப்பாடு போடு."

பிப்ரவரி 16, ஞாயிறு

தேறிவிட்டேன்! கூட இறங்கிய ஐடி கம்பெனி அபிஷேக் ஆறடி ஆள், பதற்றத்தில் காற்றை விழுங்கித் தள்ளினார். கையைக் காட்டி நிதானமாக மேலே கூட்டி வந்தேன். என் காற்று மீட்டரில் பாதிக்கு மேல் மிச்சம். பள்ளி நடத்தும் விக்ரம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "ரம்ஜான் முடிஞ்சதும் வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் நாள். முதல்முறையாகக் கடலில் இறங்க ஆறு பேர். யாருக்கு எந்த சிலிண்டர் என்று நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் விக்ரம் சார். ஒவ்வொருவராக ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆறாவது ஆள் ஃபாரூக். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பேர் கொடுத்திருக்கிறார்!

"எனுக்கு எதும்மா?"

எடுத்துக் கொடுத்தேன். பத்து லிட்டர். பெரியது கேட்காமல் மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்.