மன்னிக்கச் சொல்லித்தர ஒரு ஆள்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்தல். வண்டிக்கு முன் டயர் மாற்றினேன். கரையான்சாவடி ஸ்டாண்டில் ஐந்து நிமிஷத்தில் ஷேர் ஆட்டோ டயர் மாற்றுகிற ஒரே ஆள் நான். மற்றவனுக்கு அரை மணி. எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான், அது வேறு.

பதினொரு மணிக்கு வசந்தா வந்தாள். என் ஒரே தங்கை. திருமழிசையிலிருந்து பஸ்ஸில் இல்லை, பைக்கில். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, பத்திரிகை. ஏழு வருஷம் கழித்து என் வாசல்படி மிதிக்கிறாள். அதுவும் தனியாக. பத்திரிகை வைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வர வேண்டும். அதுதான் முறை. புருஷன் தணிகாசலம் தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மாடியிலிருந்து பார்த்தேன். (இனிமேல் இந்த நோட்டில் அவன் பேர் த. மட்டும். முழுப் பேர் எழுத மை வீண்.)

சின்னவள் கலைவாணிக்கு 15ஆம் தேதி ஞாயிறு கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பேர் போட்டிருக்கிறது. எழுத்து சின்னது.

வசந்தா தண்ணீர் குடிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்: "அண்ணா, கலைக்கு நீதான் பட்டம் கட்டணும். முடியாதுன்னா அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிடு. பெரியவளுக்கு ஆன மாதிரி இவளும் மணைல உக்காந்துகினு முழிக்கக் கூடாது."

பெரியவள் கல்யாணத்தை நான் எழுத வேண்டியதில்லை, பூந்தமல்லிக்கே தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். தாலிக்கு முன்னால் பெண் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அன்றைக்கு என்னை விட்டுவிட்டு எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தனை ஏற்றிக் கட்ட வைத்தான் த. ஆயிரம் பேர் பார்க்க. இரண்டாயிரம் இருக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டுத் தண்ணீர் நான் தொட்டதில்லை.

"சொல்றேன்" என்றேன். கம்பீரமாகச் சொன்னேன்.

ஆவணி 4, புதன்

வீட்டில் காலையிலேயே ஆரம்பம். என் பெண்டாட்டி சரோஜா தோசைக் கரண்டியோடு பேசினால் யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. என்னாலும்.

"மன்னிச்சிட்டுப் போ. இல்ல, மன்னிக்காம ஊட்ல கெட. ரெண்டுக்கும் நடுவுல நின்னுகினு என் உசுர வாங்காத."

மகள் சங்கீதாவுக்குப் போன். அம்பத்தூர் ஃபிளாட், கம்ப்யூட்டர் கம்பெனி. மூளை என் பக்கம். ஆன்லைனில் தெரபிஸ்ட் என்று இருக்கிறார்களாம். யாரையாவது மன்னிக்க முடியாமல் தவித்தால் அதற்கும் பேசலாமாம். முதலில் சிரித்தேன். அப்புறம் மதியம் சிக்னலில் நிற்கும்போது யோசித்தேன். பல்லுக்கு டாக்டர், முழங்காலுக்கு டாக்டர். டாக்டர் சொல்லி மன்னித்தேன் என்றால் அதில் கௌரவம் இருக்கிறது. த. முன்னால் நான் இறங்கிப்போனதாக ஆகாது. மருந்து சாப்பிட்ட மாதிரி.

ஆளுக்கு என்ன தகுதி வேண்டும் என்று எழுதி வைத்தேன்:
– தமிழ்.
– வயசு நாற்பதுக்கு மேல்.
– கல்யாண வீட்டில் ஒரு தடவையாவது அவமானப்பட்டிருக்க வேண்டும்.
– எடுத்தவுடன் மறந்துவிடுங்கள் என்று சொல்லக் கூடாது.

ஆவணி 5, வியாழன்

லேசான தூறல். சவாரி மந்தம். திருவேற்காடு கோயில் கூட்டம் மட்டும்.

சங்கீதா அனுப்பிய சைட்டில் ஒரு படிவம். கட்டம் கட்டமாக: தூக்கமின்மை, பயம், கோபம், அழுகை, அப்படியே போகிறது. உங்களுக்கு உள்ளதை டிக் செய்யவும். மன்னிப்புக்குக் கட்டம் இல்லை. ஒன்றிரண்டு டிக் போட்டால் சாதாரணக் கேஸ் என்று சின்னப் பையன் எவனையாவது தள்ளிவிடுவார்கள். ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை இதுதானே. ஆகவே எல்லாவற்றையும் டிக் செய்தேன். ஒன்று விடவில்லை. பெரிய டாக்டரே வரட்டும்.

பத்து நிமிஷத்தில் போன். ஒரு பெண் பிள்ளை. குரலில் பதற்றத்தை அடக்கிக்கொண்டு, "சார், இப்ப சேஃபா இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றது.

"எட்டு பேர் கீறாங்கம்மா. கோயிலுக்குப் போறாங்க" என்றேன்.

கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று அது படித்துக் காட்டியது. உயிரை விடுகிற யோசனை இருக்கிறதா என்று. நான் படிக்காமல் போட்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தாயே, எனக்கு அந்த யோசனை கிடையாது, என் தங்கை மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் இருக்கட்டும் என்றேன். அது சிரிக்கவில்லை. திரும்பத் திரும்ப இரண்டு மூன்று விதமாகக் கேட்டுத் திருப்தியான பிறகுதான் வைத்தது. நல்ல பிள்ளை. அது பயந்துபோனது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அப்படிக் கட்டம் வைத்தவர்கள் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்.

ஆவணி 7, சனி

முதல் ஆள். பெங்களூரிலிருந்து. தாடி, பின்னால் செடித்தொட்டி. வயசு முப்பதுகூட இல்லை. போகட்டும் என்று உட்கார்ந்தேன், ஸ்டாண்டில் வண்டிக்குள்ளேயே, பகல் இரண்டு மணி, சவாரி இல்லாத நேரம்.

நான் எது சொன்னாலும் "நீங்க சொல்றது எனக்குக் கேக்குது சார்" என்கிறார். எனக்கும் கேட்கிறது, இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது என்றேன். அப்புறம் கண்ணை மூடச் சொன்னார். உங்கள் மாப்பிள்ளையை ஐந்து வயசுக் குழந்தையாகக் கற்பனை செய்யுங்கள், அந்தக் குழந்தையை மன்னியுங்கள் என்றார்.

கற்பனை எதற்கு? த.வை எனக்கு அரை டிராயர் காலத்திலிருந்து தெரியும். பக்கத்துத் தெரு. கோலியில் அழுகுணி ஆடுவான். அந்தக் குழந்தையை நினைத்ததும் கோபம் இரட்டிப்பானது. சொல்லிவிட்டேன். தாடித் தம்பி முகம் வாடியது. வேலையை விடாதே, நல்லா வருவே என்று ஆசீர்வாதம் செய்து போனை வைத்துவிட்டேன்.

ஆவணி 9, திங்கள்

இரண்டாவது ஆள். ஒரு அம்மா. நாகர்கோவில் பக்கம். ஐம்பதுக்கு மேல், பருத்திப் புடவை, பின்னால் குக்கர் விசில். திருப்தி.

நான்தான் முதலில் கேள்வி கேட்டேன். கல்யாணத்தில் அவமானப்பட்டதுண்டா? "என் கல்யாணத்துலயே" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. தேர்வு செய்துவிட்டேன்.

முழுக்கதையும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். மண்டபத்தில் மூவாயிரம் பேர், இரண்டு எம்.எல்.ஏ., கோயம்பேட்டில் மாலை வாங்கிக்கொண்டு நான் பறந்துவருகிறேன், நசரத்பேட்டையில் லாரி கவிழ்ந்து வழி அடைப்பு, நான் இறங்கி ஓடிவருகிறேன், உள்ளே நுழைகிறேன், பட்டம் கட்டியாகிவிட்டது. ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். பூக்காரம்மா ஒருத்தி நடுவில் கூடையோடு ஏறி உட்கார்ந்து அவளும் கேட்டாள். வண்டி போகுமா, பேசிக்கொண்டே இருப்பேனா என்று விசாரித்தாள். ஆனால் இறங்கவில்லை. லாரி கவிழ்ந்த இடத்தில் உச்சுக் கொட்டினாள்.

டாக்டரம்மா புதன்கிழமை வரச் சொன்னார். மன்னிப்பு எப்போது வரும் என்று கேட்டேன். அது தன்னிடம் இல்லையே என்றார்.

ஆவணி 11, புதன்

மேகம். மழை இல்லை. கழுத்தெல்லாம் வேர்வை.

டாக்டரம்மா இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. நானும் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். அவர் அதையே கேட்டார்.

"பட்டம் கட்டுறப்போ நீங்க எங்க நின்னீங்க?"

லாரி என்றேன். சரி, நீங்க எங்க? மாலை என்றேன். சரி, நீங்க? நல்ல வேளை, மூன்று பேர் பூந்தமல்லிக்கு ஏறினார்கள். சவாரி வந்துவிட்டது என்று போனை அணைத்தேன். அந்த மூன்று பேரையும் எங்கே இறக்கினேன், ஞாபகமில்லை. ஒருத்தர் திட்டினார்.

சாயங்காலம் ஸ்டாண்டில் எல்லோரும் கல்யாணத்துக்கு என்ன சட்டை என்று கேட்டார்கள். ஏழு வருஷமாக இவர்களுக்கும் லாரிதான்.

ஆவணி 12, வியாழன்

இதை யாரும் படிக்கப்போவதில்லை. சரோஜாவுக்கு என் கையெழுத்து புரியாது.

லாரி இல்லை. மாலையை முதல் நாளே வாங்கிவிட்டேன். நான் மண்டபத்தில்தான் இருந்தேன். மேடைக்குக் கீழே, இடது பக்கம், பெரிய ஃபேன் பக்கத்தில். பட்டுச்சட்டை. பட்டம் பையில் இல்லை, கையில். ஜனம் முந்நூறு இருக்கும்.

மேளம் நின்றது. தாய்மாமன் எங்கே என்று ஐயர் மைக்கில் கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். பத்தடி. போய் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. த. கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்து, வாங்க மச்சான் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நின்றேன். அவனுடைய பெரியப்பாவை அப்படித்தான் கூட்டிப்போனான், அவன் வாத்தியாரை அப்படித்தான் கூட்டிப்போனான். நான் பெண்ணுக்குத் தாய்மாமன். மூன்றாவது தடவை மைக்கில் கேட்டபோது த. திரும்பி என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் இறங்கவில்லை. நான் ஏறவில்லை. பெரியவள் மணையில் உட்கார்ந்துகொண்டு அப்பனையும் மாமனையும் மாறி மாறிப் பார்த்தாள். முகூர்த்தம் போகிறது என்று யாரோ கத்த, அந்தத் தம்பிக்காரன் ஏறினான்.

இதில் என் தப்பு எங்கே? மைக்கில் கூப்பிடுவது ஒரு கூப்பிடலா? காணாமல்போன குழந்தையைத்தான் மைக்கில் கூப்பிடுவார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளை பார்த்தது கண்ணிலேயே இருக்கிறது.

ஆவணி 13, வெள்ளி

வசந்தா சொன்ன கெடு நாள். பன்னிரண்டு மணிக்கே வண்டியை மரத்தடியில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். ஃபேன், பத்தடி, எல்லாம். எம்.எல்.ஏ.வையும் எடுத்துவிட்டேன். ஒருத்தர் வந்தார், பெண் அழைப்புக்கு, கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

முழுக்கக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "அவர் உங்களப் பாத்தாரு. பாத்தும் வரல. அது வலிக்கத்தான் செய்யும்." ஏழு வருஷத்தில் இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்வதற்கு நானும் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

சரி, இப்போது மன்னிப்பைக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றேன்.

"மன்னிச்சிட்டாதான் பட்டம் கட்டணும்னு யாரு சொன்னது?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இது என்ன நியாயம்? மன்னிக்காமல் போனால் நான் என்ன முகத்தோடு போவேன்? மன்னித்த பெரிய மனுஷனாகப் போகத்தானே இவ்வளவு ஆள் தேடினேன் என்று சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம், வருஷக்கணக்கு ஆனாலும் பேசலாம், பெண் மணையில் உட்காரப்போவது மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்றார். போனை வைத்தபோது குக்கர் விசில் அடித்தது. அவர் சாப்பிடும் நேரம்போல.

வண்டிக்குள் புழுக்கம். அரை மணி உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் நான் மன்னிக்கப்போவதில்லை. டாக்டரே சொல்லியாகிவிட்டது. த.வை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

வசந்தாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் இன்னா அண்ணா என்றாள். "நான் கட்றேன்" என்றேன். "உன் ஊட்டுக்காரன் மூஞ்சிக்காக இல்ல. பெரியவகிட்டயும் சொல்லு, அன்னிக்கு மாமா மண்டபத்துலதான் இருந்தேன்னு."

அவளுக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். எல்லோருக்கும் தெரியுமாம். ஏழு வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு குடும்பம்.

ஆவணி 15, ஞாயிறு

விடிகாலை மழை, ஏழு மணிக்குச் சுளீர் வெயில். வண்டியைக் கழுவி மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனேன். சரோஜா பின்சீட்டில் மகாராணி. மண்டபம் திருமழிசை ஹைவே ஓரம். ஜனம் நானூறு. ஐந்நூறு என்று ஸ்டாண்டில் சொல்வேன்.

வாசலில் த. நின்றான். எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்த கை, எனக்கும் அதே உயரத்தில் வந்தது. பெரிசாகவும் இல்லை, சிறிசாகவும் இல்லை. நானும் அளந்து அதே உயரம்.

மேளம் நிற்பதற்கு முன்னாலேயே மேடை ஏறி நின்றுவிட்டேன். ஐயர், இன்னும் நேரம் இருக்கிறது, உட்காருங்கோ என்றார். நிற்கிறேன் என்றேன். பட்டம் கட்டும்போது முடிச்சு இறுகிவிட்டது. கலை தலையைக் குனிந்தபடியே, "மாமா, லூசா கட்டு, கண்ணு இஸ்துக்குது" என்றாள். அவிழ்த்து மறுபடி கட்டினேன். பெரியவள் பக்கத்தில் நின்று தங்கை முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முடிச்சு போட்டதும் தன் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குங்குமத் தட்டை எடுக்கப் போனாள். ஆறு வயசு இருக்கும், நல்ல கனம். முதல் தடவை தூக்குகிறேன்.

பந்தி. இட்லி, பொங்கல், வடை. சாம்பாரில் உப்பே இல்லை. எல்லோரும் வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்தார்கள். த. இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தான். என் இலைக்கு முன்னால் நடை மெதுவானது, தாண்டிப்போகப் பார்த்தான்.

"மாப்ள, சாம்பார்ல உப்பு இல்ல" என்றேன்.

நின்றான். "எனக்கும் அப்டித்தான் தோணிச்சி மச்சான். எவனும் சொல்லல" என்றான்.

பரிமாறுகிறவர்கள் நாலு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அவனே உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் இலை ஓரத்தில் உப்பு வைத்தான். அளவு தெரியாத ஆள். ஒரு குடும்பத்துக்கே ஆகும்.

மன்னிக்கவில்லை. அத்தனையும் சாம்பாரில் போட்டுக் கலந்தேன். கரித்தது. இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன்.