சித்தி வீடு உட்பட ஒரு சனிக்கிழமை

மார்ச் 3, செவ்வாய்

இவருக்கு என்ன ஆயிற்று? வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "பிள்ளைங்கள ஒரு நாள் சிட்டிக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்கிறார். லீவு நாளில் முக்குக்கடைக்குப் போய்வரச் சொன்னாலே முட்டி வலிக்கிற மனிதர்.

"திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்லையே. ரொம்ப நாளா நினைச்சதுதான்."

இன்சூரன்ஸ் ஆபீசில் இத்தனை வருஷமாக விபத்து நஷ்டஈட்டு மனுக்களைச் சரிபார்க்கிறேன். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேட்காமலே காரணம் சொல்கிறவனை முதலில் கவனி என்பது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருகிற பாடம். இவர் இன்று கேட்காமலே மூன்று காரணம் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மகளுக்கு டைனோசர் எலும்பு பார்க்க ஆசை. அப்புறம், சட்டையைக் கழற்றியபடி, முகத்தைக் காட்டாமல் — "அவங்க சித்தியும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

அதுதான் காரணம். மற்ற இரண்டும் அதைச் சுற்றிக் கட்டிய காகிதம்.

மார்ச் 5, வியாழன்

சித்தி என்றால் இவருடைய முதல் மனைவியின் தங்கை. பல் டாக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நகரத்தில் தனியாக இருக்கிறாள். அக்கா இறந்தபோது சின்னவனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அப்போது சில மாதங்கள் இரண்டு பிள்ளைகளையும் இவள்தான் வைத்திருந்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில். நாற்பத்து மூன்று வயதில் ஒரே நாளில் மனைவியும் ஆனேன், ஏழு வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் — என்ன ஆனேன்?

இன்று போன் செய்தாள். "அக்கா, நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்கக்கா. பிளானெல்லாம் நான் போட்டுடறேன். நீங்க வந்து சும்மா நின்னா போதும்."

பேச்சுக்குப் பேச்சு அக்கா. சொந்த அக்காவைக் கூப்பிட்ட வார்த்தையை எடுத்து என்மேல் இத்தனை சுலபமாகப் போர்த்த முடியுமா? ஒன்று இவள் ரொம்ப நல்லவளாக இருக்க வேண்டும். இல்லையென்றால்...

சும்மா நின்றால் போதுமாம்.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் திட்டம் போட்டோம். காலை ரயில், அருங்காட்சியகம், பூங்காவில் சாப்பாடு, ஆற்றில் படகு, மாலை ரயில். சின்னவனுக்கு — எல்லாருக்கும் அவன் வாண்டு — எங்கெங்கே கழிவறை இருக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டேன். மகளுக்கு வக்கீல் என்று பெயர். எதற்கும் மறுகேள்வி உண்டு. "படகு கவுந்தா யார் முதல்ல என்னைத் தூக்குவீங்க?" என்று கேட்டாள். இவர், "டைனோசர் தூக்கும்" என்றார். சிரித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் இவர் பால்கனிக்குப் போய் போனில் பேசினார். திரும்பி வந்து, "படகுக்கப்புறம் அவ வீட்டுல கொஞ்ச நேரம் இருந்துட்டு வரலாம்கறா" என்றார்.

படகுத்துறையும் ரயில் நிலையமும் அடுத்தடுத்து. அவள் வீடு நேர் எதிர்த்திசை. களைத்த இரண்டு பிள்ளைகளை எதற்கு அங்கே இழுத்துப் போக வேண்டும்?

மார்ச் 9, திங்கள்

மறுபடி பால்கனி. கதவைச் சாத்திக்கொண்டு.

மார்ச் 12, வியாழன்

வாண்டு என் ஆபீஸ் பையில் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டிவிட்டான். நாளைக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்கள் எல்லாம் பச்சை. உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. "பரவாயில்லடா கண்ணா" என்று சொல்லித் துடைத்தேன். நிமிர்ந்தால் வாசற்படியில் இவர், கையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்தபடி. பெயின்ட்டைப் பார்க்கவில்லை.

நான் திட்டுகிறேனா என்று பார்க்கிறார். போன மாதம் பால் தம்ளர் உடைந்தபோதும் இப்படித்தான் நின்றார். திட்ட மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்க மாட்டேன் யாருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கிறது. கீழ்வீட்டு அம்மா நேற்றுகூட மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள்: "பெத்தவளே இவ்வளவு பொறுமையா இருக்க மாட்டா. ஒரு சத்தம் வரணுமே உங்க வீட்டுலேருந்து!" பாராட்டுத்தான். ஆனால் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? நான் ஒருநாள் குரலை உயர்த்தினால் தெரு முழுக்க என்ன பெயர் ஓடும் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 14, சனி

வக்கீலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"செவுத்துக்கு நீலம் நல்லாருக்குமா, ரோஸ் நல்லாருக்குமா?"

"எந்தச் செவுத்துக்கு?"

"சித்தி கேட்டாங்க."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேக்கலையே." ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டாள். "நீங்க வலிக்காம பின்றீங்க. தேங்க்ஸ்."

எதற்கும் மறுகேள்வி கேட்கிற பெண் இதற்கு மட்டும் கேட்கவில்லையாம்!

மார்ச் 16, திங்கள்

ஆபீசில் மதியம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பல் டாக்டர் வீட்டை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். இடத்தைப் போய்ப் பார்க்காமல் ஃபைலை மூடக் கூடாது. போக முடியாததால் போன் செய்தேன். அடுத்த வருஷத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்த வகுப்புக்குங்க?"

"ஒண்ணு மூணாவது. ஒண்ணு கே.ஜி."

"அட, டாக்டரம்மா வீட்டுலேருந்தா? அவங்கதான் அன்னைக்கே நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாங்களே!"

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது.

அப்படியென்றால் அருங்காட்சியகம் இல்லை, டைனோசர் இல்லை, படகு இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டைக் காட்டப் போகிறாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அப்புறம் லீவுக்கு, அப்புறம் படிப்புக்கு.

இவருக்குத் தெரியுமா? பால்கனி, பால்கனி... தெரியாமலா?

கேட்டுவிடட்டுமா? கேட்டால் மறுப்பார். ஆதாரம் முழுசாகக் கையில் வரும் முன் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. சரி, விசாரித்துத்தான் என்ன கேட்பேன்? என் பிள்ளைகளை ஏன் கொடுக்கிறீர்கள் என்றா? என் பிள்ளைகள் என்று இதுவரை எங்கேயும் சொன்னதில்லையே நான். ஆபீசில்கூட "அவரோட பசங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

தூக்கம் சரியில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டேன். மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

பை கட்டினேன். மாற்றுத்துணி ஆளுக்கு ஒரு செட்.

"இன்னும் ஒண்ணு ரெண்டு வையேன்" என்றார்.

"ஒரு நாளைக்கு எதுக்கு?"

"இல்ல... வாண்டு நனைச்சுக்குவான்."

"அப்ப வக்கீலுக்கு?"

ஸ்குரூடிரைவரைத் தேடுகிற மாதிரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் ஒரு செட்டுக்கு மேல் வைக்கவில்லை. வைக்கவே மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கத்தியதில் தொண்டை கட்டியிருக்கிறது.

வரிசையாக எழுதுகிறேன்.

சித்தி ஸ்டேஷனிலேயே காத்திருந்தாள். இரண்டு கையிலும் பஞ்சுமிட்டாய். பல் டாக்டர், காலை நேரத்தில், இரண்டு பஞ்சுமிட்டாய்! இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். "இன்னைக்கு மட்டும் பல்லுப் பூச்சிக்கெல்லாம் லீவு" என்றாள். பிள்ளைகள் அவள்மேல் தொங்கினார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு கை அவளிடம், ஒரு கை அப்பாவிடம். நான் பின்னால் பையோடு. சும்மா நின்றேன்.

பூங்காவில் சாப்பிட்டோம். பிறகு படகுத்துறை. நல்ல கூட்டம். இவர் டிக்கெட் வரிசையில். வக்கீல் அவளிடம் எதையோ வாதாடிக்கொண்டிருந்தாள். படகு வந்து அணைந்தது. துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு ஆள் இறங்குகிற இடைவெளி, கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. வாண்டு தடுப்புச் சங்கிலிக்கு அடியில் புகுந்து ஓடினான். ஒரு காலைத் தூக்கிவிட்டான்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் இருவரும் பலகையில் விழுந்தோம்.

"அறிவிருக்காடா உனக்கு? எத்தனை தடவை சொன்னேன் கையைப் பிடிச்சுக்கோன்னு! தண்ணிக்குள்ள போயிருந்தா எங்கடா தேடுவேன் உன்னை? எங்க போய்த் தேடுவேன்? காலை ஒடிச்சுடுவேன், படவா! — நீ என்னடி பார்த்துக்கிட்டு நிக்கறே? தம்பி கையை விட்டுட்டு என்ன உனக்கு அப்படிப் பேச்சு வேண்டிக்கிடக்கு?"

இன்னும் என்னென்னவோ. என் குரல்தானா அது? கூட்டம் ஒதுங்கி நின்று பார்த்தது. படகுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். டிக்கெட் வரிசையிலிருந்து இவர் ஓடி வந்தார். வாண்டுவின் உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது, பிறகு பெரிய அழுகை. அவள் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா செல்லம், சித்திகிட்ட வா."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இத்தனை நாள் காத்தது ஒரு நிமிஷத்தில். எல்லார் முன்னாலும், முக்கியமாக அவள் முன்னால்.

அவன் அவளிடம் போகவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் தோளில் மூக்கைத் துடைத்து, என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்லி அழுதான். "திட்டிட்டே... என்னைத் திட்டிட்டே..." இறக்கிவிடப் பார்த்தால் இன்னும் இறுக்கினான்.

படகில் ஏறினோம். ஆற்றில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் தெரியாது.

அவள் வீட்டில் நான் எதிர்பார்த்த அந்த அறை. நீலச் சுவர், இரண்டு சின்னக் கட்டில், போர்வைகூட மடித்து வைத்திருந்தது. பிள்ளைகள் ஹாலில் அப்பாவோடு. நான் கதவைச் சாத்தினேன்.

"பள்ளிக்கூடத்துல கேட்டுட்டேன். எனக்கு எல்லாம் தெரியும். யாரைக் கேட்டு என் பிள்ளைங்களுக்கு இடம் பிடிச்சே?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அத்தான் சொல்லித்தான்க்கா."

"அவரா கேட்டாரு?"

"அழாத குறையா கேட்டாரு. 'அவ பிள்ளைங்கள ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. விருந்துக்கு வந்த பிள்ளைங்க மாதிரி பாத்துக்கறா. கடமைக்குச் செஞ்சு செஞ்சு உள்ளுக்குள்ள நொந்துபோறாளோன்னு பயமா இருக்கு. நீ வச்சுக்கறியா'ன்னு. இன்னைக்கு ராத்திரி தங்க வச்சுப் பார்க்கலாம்னு பேச்சு. எனக்கும் ஆசைதான், பொய் சொல்லலை. கட்டில் வாங்கறப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு." போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். "ஆனா அங்க நீங்க போட்ட சத்தத்துல எனக்கு இன்னும் காது அடைச்சிருக்குக்கா. ஸ்கூல்ல திங்கக்கிழமையே வேணாம்னு சொல்லிடறேன்."

மாலை ரயிலில் நாலு பேரும் திரும்பினோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே? 'பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்'னு சொல்லியிருப்பே. வேற ஏதாவது சொல்லியிருக்கியா இதுவரைக்கும்? கோபமாவது வருதான்னு வாசல்ல நின்னு நின்னு பார்த்தேன். உனக்கு ஒரு வழி விடணும்னு..."

"நான் என்ன லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவளா, கதவைத் திறந்து வெளிய விட?"

எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

என் சந்தேகம் சரிதான். சதி இருந்தது. ஆனால் ஆளைத் தவறாகப் பிடித்திருந்தேன். இவர்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பெத்த அப்பன், கட்டின புருஷன், எனக்குத் தெரியாம எனக்கு உதவி பண்றாராம்! மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் பொறுமையா யோசிச்சுக்கறேன்.

மார்ச் 26, வியாழன்

அவள் போன் செய்தாள். பள்ளியில் சொல்லிவிட்டாளாம். ஒரு கட்டிலை எடுத்துவிட்டாளாம். "ஒண்ணு இருக்கட்டும்க்கா, லீவுக்கு வந்தா படுக்க."

எதற்கு ஒன்று மட்டும்? யாருக்கு?

கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். "உங்களுக்குத்தான்க்கா. பசங்க தரையில உருளட்டும்" என்றாள். நம்புவதா என்று தெரியவில்லை. நாளைக்கு யோசிக்கலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

வீட்டுப்பாடத்தை முடிக்காமல் டிவி போட்டாள் வக்கீல். அணைத்தேன். மறுபடி போட்டாள். ரிமோட்டைப் பிடுங்கினேன். அரை மணி நேர வாதம். கடைசியில், "போ! உன்கூட நான் பேசவே மாட்டேன், போ!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். வெளியே நின்று நானும் கத்தினேன்: "பேசாட்டி போடி!"

இவர் சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பிட வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை மட்டும் தோண்டி எடுத்து என் தட்டில் போட்டாள்.

"என்னடி இது?"

"எனக்குப் பிடிக்காது. எப்பவுமே பிடிக்காது."

நான் வந்த நாளிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் முட்டை வைக்கிறேன். ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, "நல்லாருக்கு, தேங்க்ஸ்" என்று சொல்லித் தட்டைக் கழுவி வைத்தவள்.

அவளுடையது, என்னுடையது, இரண்டு மஞ்சள் கருவையும் நான்தான் சாப்பிட்டேன்.