அத்தையின் இடது இமை

மார்ச் 3, ஞாயிறு

மாடலைத் தின்றுவிட்டார்கள்.

ஒரு மாதுளையைப் பிளந்து வைத்து நான்கு நாளாக வரைந்துகொண்டிருந்தேன். பல் கிளினிக்கில் ஆறு மணி வரை டோக்கன் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்து, ஒவ்வொரு முத்தாக. இன்று பார்த்தால் தட்டில் தோல் மட்டும். "வீணாப் போகுதேன்னு சாப்பிட்டேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். நாலு நாள் பழம். வயிறாவது வலித்ததா? அதுவும் இல்லை.

கண்காட்சிக்கு ஓவியம் அனுப்ப இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி. யாரும் தின்ன முடியாத மாடல் வேண்டும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. மாமியார்.

மார்ச் 6, புதன்

கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். "சும்மா உட்காரணும், அவ்வளவுதானே?" என்று அத்தை உடனே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இரண்டு நிபந்தனைகள்: பத்து வயது குறைக்க வேண்டும். கன்னத்து மருவை விட்டுவிட வேண்டும்.

"இருக்கிறதைத்தான் போடுவேன், அத்தை."

"இருக்கிறதப் பாக்கத்தான் கண்ணாடி இருக்கே. அப்புறம் நீ எதுக்கு?"

கேள்வி நியாயம்தான். ஆனால் மரு இருக்கும்.

மாலை ஏழு மணி. கையை நீட்டி, தூரிகைக் காம்பால் அளந்து, கண் வரை முடித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் பார்த்தால், புதன்கிழமை போட்ட இடது இமை சரிந்து கிடக்கிறது. எதிரே அத்தையின் இரண்டு கண்களும் நேராக என்னை முறைக்கின்றன. துணியால் துடைத்துவிட்டு நேராகப் போட்டேன்.

மார்ச் 13, புதன்

மாலையில் அளந்தால் காலையில் போட்டது தப்பு. இமை கீழேதான் இருக்கிறது. மறுபடி துடைத்தேன். பழைய டியூப்லைட் போடும் நிழல்தான் இப்படிக் காட்டுகிறதோ?

மார்ச் 14, வியாழன்

மாலையில் புது பல்பு மாட்டி வரைந்தேன். இமை இன்னும் கீழே. பல்பு தண்டம்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் மறுபடி நேர்!

வியாழன் போட்ட சரிவைத் துடைப்பதற்குள் மாடிவீட்டு டிராயிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அடிப்படை படிக்காம வந்தா இப்படித்தாம்மா. ரெண்டு கண்ணும் ஒரே கோட்டுல இருக்கணும். ஆரம்பப் பாடம்." அவர் கல்லூரியில் படித்தவர். முப்பது வருடமாக ஒரே கூஜாவை வரைகிறார். நான் போனில் வீடியோ பார்த்து, வரைந்து, துடைத்துக் கற்றவள். சிரித்து அனுப்பிவிட்டு, இமையை நேராக்கிவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். நாப்பத்திமூணு வயசுல எதுக்குடி உனக்கு இந்த வேலை? ஒரு கண்ணை ஒழுங்காப் போட வரல—

மார்ச் 20, புதன்

கிளினிக்கில் கூட்டம் இல்லை. ஒவ்வொரு முறை வரைந்து முடித்து எழுந்திருக்கும்போதும் ஓவியத்தை போனில் படம் எடுத்து வைப்பேன். ஐந்து படங்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். காலையில் வரைந்தது இரண்டும் நேர். மாலையில் வரைந்தது மூன்றும் சரிவு. ஒவ்வொரு மாலையும் முந்தியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

என் கை அவ்வளவு ஒழுங்கு கிடையாது. தப்பு செய்தாலும் நேரம் பார்த்துச் செய்யாது.

பல் டாக்டரிடம் காட்டினேன். வாய்க்கு மேலே எது இருந்தாலும் தன் துறை இல்லை என்பவர், இன்று போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "சாப்பிடும்போது மெல்லக் கஷ்டப்படறாங்களா?" அத்தை ஒரு மாதமாக எல்லாவற்றையும் பிசைந்து கூழாக்கித்தான் விழுங்குகிறார். வயசு என்று நினைத்திருந்தேன். ஒரு நரம்பு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்து, "தள்ளிப் போடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன்.

"ஆமா. சாயங்காலமானா ரெண்டு ரெண்டாத் தெரியுது. உன்னையே ரெண்டாப் பாக்குறேன். ஒண்ணே தாங்க முடியல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுப்புப் பக்கம் விடுவீங்களா? மூலையில உட்கார வச்சிடுவீங்க."

அதனால்தான் நாற்காலியில் உட்காரக் கேட்டதும் சம்மதித்திருக்கிறார். சோர்ந்து உட்கார ஒரு சாக்கு. எனக்குக் கோபம், அவர் மேல், அதைவிட என் மேல். ரெண்டு வாரமா அந்த மூஞ்சியையே பாத்தேன். சரியாத்தான் பாத்தேன். பாத்துட்டுத் துடைச்சேனே!

மார்ச் 22, வெள்ளி

நரம்பு டாக்டர் அத்தையை ஒரு நிமிடம் கூரையையே பார்க்கச் சொன்னார். இடது இமை என் கண்ணெதிரே மெல்ல இறங்கியது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அதன் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். ஏறியது. தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகிற நோயாம். மாத்திரைக்குக் கேட்குமாம். இன்னும் விட்டிருந்தால் மூச்சு விடும் தசை வரை போயிருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்.

டாக்டர் என் ஐந்து படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் என் ஓவியத்தைக் கேட்டு வாங்கிய முதல் ஆள்.

மார்ச் 30, சனி

அனுப்பிவிட்டேன். மாலைக் கண்ணோடு. அத்தையிடம் கேட்டுத்தான். "அப்ப அப்படித்தானே இருந்துச்சு? போடு" என்றார். மருவுக்கு மட்டும் இன்னும் சண்டை. பாதி மருவைப் போட்டு, மீதியை நிழலில் மறைத்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இடது இமை சரியாக அமையவில்லை. அடிப்படைப் பயிற்சி அவசியம்.'

அத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில், மாத்திரை வேளை எழுதிய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். மாடிவீட்டு மாஸ்டர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டப்போகிறாராம், பிறகு டாக்டர் சீட்டை.

ஏப்ரல் 24, புதன்

கிளினிக்கிலிருந்து வந்தால் அத்தை நாற்காலியில் தயாராக இருக்கிறார். நான் கூப்பிடவே இல்லை. மாலை ஏழு மணி. கையை நீட்டித் தூரிகைக் காம்பால் அளந்தேன். வலது. இடது. மறுபடி வலது. மறுபடி இடது. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி, மறுபடி இறங்குதா?" அத்தையின் குரல் நடுங்கியது. அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

"இல்லத்தை. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு. எனக்குத்தான் கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியல."

"தொடச்சிட்டுப் போடு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மருவிலிருந்து ஆரம்பித்தேன். அவர் அந்தக் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.