ஜாடிக்குள் போன டோக்காய்

டிசம்பர் 3, புதன்.

ஹங்கேரியில் வேலை பார்க்கும் என் மகன் கொண்டுவந்த டோக்காய் என்ற இனிப்பு ஒயினை, கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஜாடியில் ஊறும் திராட்சையில் காலையில் முழுசாக ஊற்றிவிட்டேன். வீட்டில் ஒயினை வேறென்ன செய்வது?

சாயங்காலம் வில்லியனூரில் ஆட்டு ஈரல் வாங்கிவந்தவன் பாட்டிலைத் தேடினான். "ஈரலுக்கு அதான்மா பொருத்தம்."

ஜாடியைக் காட்டினேன்.

"எஸ்தர்னு அங்க ஒரு பொண்ணும்மா. அவ பொறந்தப்போ அவங்கப்பா வாங்கி வச்சது. உன்கிட்ட கல்யாணம் பேசற அன்னைக்குத் தொறக்கச் சொல்லிக் குடுத்தாரு."

ஈரலை மிளகு போட்டு வறுத்து, ஜாடியிலிருந்து ஒரு கரண்டி திராட்சையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

தட்டுகளைக் கழுவும்போது சொன்னேன்: "எஸ்தரோட அப்பா வந்தப்புறம் கேக்கை வெட்டிக்கலாம்டா."