கூட்டத்தில் கேட்ட தேத்தண்ணி

இன்று காலை லிஃப்ட் கதவு திறந்ததும் சாதிக்காயும் வெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. உங்கள் வேல்ஸ் சங்கத்துப் பெண் ஒருத்தி, உலர்ந்த திராட்சை போட்ட சின்னச் சின்னத் தட்டைக் கேக்குகளைக் கொண்டு வந்திருந்தாள். முன்பு நீங்கள்தான் அவற்றைச் சுடுவீர்கள்; நீங்கள் போன பிறகு யார் சுடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை.

இந்த முதியோர் இல்லத்துக்கு நீங்கள் முதலில் பார்வையாளராகத்தான் வந்தீர்கள். நான் இங்கே, அஜின்கோர்ட்டில், பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிது. புதன்கிழமைகளில், நகரத்தின் இன்னொரு பகுதியான வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ் மாறி, பூட்சில் பனி ஒட்டியிருக்க, ஒரு வயோதிபரைப் பார்க்க வருவீர்கள். பக்கவாதத்துக்குப் பின் அவருக்கு ஆங்கிலம் அடியோடு போய்விட்டிருந்தது. எங்களிடம் கையை வீசிச் சத்தம் போடுகிறவர், நீங்கள் வேல்ஸ் மொழியில் வாயெடுத்ததும் அடங்கிவிடுவார். அவர் உங்களுக்கு உறவா என்று கேட்டேன். "இல்லை. அவரோடு பேச வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்," என்றீர்கள்.

சங்கத்தின் பாடகர் குழுவுக்குச் சொற்களை உச்சரிக்கப் பழக்கியதும் நீங்கள்தான், விருந்து முடிந்து கோப்பை கழுவியதும் நீங்கள்தான். நன்றாகப் பாடுகிறார்கள், ஆனால் பாடுகிற ஒருவருக்கும் பொருள் தெரியாது என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன்.

பிறகு உங்களுக்கே பக்கவாதம் வந்தது. இதே இல்லத்துக்கு, இதே மாடிக்கு வந்தீர்கள். உங்கள் ஆங்கிலமும் போய்விட்டிருந்தது. சங்கத்தார் வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், ஆங்கிலத்தில் உரத்துப் பேசினார்கள். வேல்ஸ் மொழி தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் கடைசிவரை பார்த்து அனுப்பி வைத்தவர் நீங்கள். உங்களுக்கென்று ஒருவரும் மிச்சமில்லை.

பனி கரைந்த பிறகு, எங்கள் கூடத்திலேயே சங்கம் உங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தது. பூங்கொத்துக் கொடுத்தார்கள். தலைவர் நெடுநேரம் பேசினார். நீங்களோ அந்தரப்பட்டு, கூட்டத்தைக் காட்டிக்காட்டி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். சமையலறையில் வேலை செய்யும் செல்வி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னவாம் கேக்கிறா?"

"தே எண்டுறா அக்கா."

"எங்கட தேத்தண்ணியோ?"

"ஓம் போல. வந்த ஆக்களுக்கு ஒண்டும் குடுக்கேல்லை எண்டு யோசிக்கிறா."

உங்கள் மொழியிலும் தேநீருக்குத் தே என்றுதான் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். செல்வி அக்கா தள்ளுவண்டியில் தேத்தண்ணி கொண்டுவந்தார். எல்லோர் கைக்கும் கோப்பை போன பிறகே நீங்கள் நாற்காலியில் சாய்ந்தீர்கள். உங்களைக் கௌரவிக்க வைத்த கூட்டத்திலும் விருந்தினரைக் கவனித்தது நீங்கள்தான்.

அதைப் பார்த்த பாடகர் குழுப் பெண்ணொருத்தி அழுதாள். வேல்சில் இருக்கும் தன் பெரியம்மாவை வீடியோவில் உங்களோடு பேச வைப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒழுங்கு செய்தோம். நீங்கள் வெள்ளிக்கிழமையே போய்விட்டீர்கள். அத்தனை மாதமும் எங்கள் எல்லோர் பையிலும் போன் இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன கிழமை ஒரு கிரேக்க மூதாட்டி புதிதாக வந்தார். சின்ன வயதில் வீட்டில் என்ன மொழி பேசினார் என்று மகளிடம் கேட்டேன். "கிரேக்கம். ஆனால் அம்மா நல்ல ஆங்கிலம் பேசுவார்," என்றாள். கிரேக்கம் பேச ஒரு ஆளை இப்போதே தேடி வையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். இப்போது புதிதாக வருகிற எல்லோருடைய வீட்டாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு ஆளைத் தேடி வைக்கும்படி மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.