நீ பார்த்த வலது கை

அம்பத்தூரில் மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் இடத்தில் இன்று புதிதாக ஒரு பெண். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அவள் கையிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து நேரே என் வீட்டுக்கு வருவாயே, அதே வாசனை. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சேக்காட்டில் எதிரெதிர் வீடு நமக்கு. ஊரை விட்டு வந்த எனக்குச் சொந்தம் என்று இருந்தவள் நீ ஒருத்திதான். பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு மதியம் அவன் தலையைக் கையில் ஏந்தி லேசாகத் தாழவிட்டாய். இடது கை சட்டென்று விரிந்தது. வலது கை மூடியபடியே இருந்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தாய்.

“என்ன, எம்புள்ளைய பயமுறுத்துறியா?” என்றேன்.

“சும்மாக்கா. விழற மாரி இருந்தா கைக்கொழந்தைங்க ரெண்டு கையையும் விரிக்கும். அதான் பாத்தேன்.”

“நல்லா இருக்கானா?”

“அவனுக்கு இன்னாக்கா, ராஜா மாரி கீறான்.”

அன்று நீ டீ குடிக்காமல் போனாய். நான் அதை யோசிக்கவே இல்லை.

ஆறாம் மாதம் கிலுகிலுப்பையை எப்போதும் இடது கையால்தான் வாங்கினான். என் அப்பா மாதிரியே இடது கைப் பழக்கம் என்று பெருமையடித்தேன். நீயும் சிரித்தாய். போட்டோகூட எடுத்தாய். பத்தாம் மாதமும் தவழாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகவே டாக்டரிடம் போனோம். “இந்த வயசுல பிள்ளைங்க ஒரு கையை மட்டும் நீட்டாதும்மா. நீட்டுதுன்னா, இன்னொரு கை ஏன் வரலன்னு பார்க்கணும்” என்றார். பிறக்கும் முன்பே மூளையில் ஏற்பட்ட பாதிப்பாம். முன்பே வந்திருந்தால் பயிற்சியை அப்போதே தொடங்கியிருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து உன் மடியில்தான் விழுந்து அழுதேன். தலையைத் தடவிக்கொடுத்தாய். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருட மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோனது. பூந்தமல்லியில் உன் காரியத்தன்று உன் தங்கைதான் சொன்னாள்: “மூணு மாசத்துலயே அவளுக்குத் தெரியும்கா. உங்களாண்ட சொல்ல வாய் வரலைன்னு அழுதுகினே கெடந்தா. சொன்னா நீங்க அவளாண்ட பேசாம பூடுவீங்கன்னு பயம்.”

ஏழு மாதம். என் பிள்ளையின் ஏழு மாதத்தை உன் பயத்துக்குக் கொடுத்திருக்கிறாய்.

போன மாதம், கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவளின் ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கினேன். ஒரு கை மட்டும் கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியே இருந்தது. “ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்றேன். வெடுக்கென்று குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மறுநாள் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினாள். இன்றுவரை என் முகம் பார்த்துப் பேசவில்லை.

சாத்திய கதவின் முன்னால் நின்றபோது உன் பயம் எனக்குப் புரிந்தது. அது சின்னப் பயம் இல்லை. ஆனாலும் நான் சொன்னேன். நீ சொல்லவில்லை.