கறுப்பியின் இரத்தம்

கண்டி
14.03.2010

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா கடலுக்குப் போகிறாரா? நான் சுகமாக இருக்கிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை, சின்ன விசயம்தான். லீவில் வந்தபோது எங்கள் கறுப்பியின் காதில் உண்ணியைக் கண்டு இரத்தம் எடுத்தேனே, அதில் உண்ணிக் காய்ச்சல் கிருமி இருந்தது. நாய்களில் இந்தக் கிருமி ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று மரபணுவைப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. இதுவரை பார்த்த கல்முனைப் பக்கத்து நாய்களில் இருந்தது ஒரே வகை. கறுப்பியுடையது மட்டும் வன்னியிலிருந்து வந்த நாய்களில் கண்ட வகை.

"இது எங்க பிறந்த நாய்?" என்று ஆய்வை நடத்தும் சேர் கேட்டார்.

"எங்கட பக்கத்து ஊர் சொறிக்கல்முனையில, சேர்."

நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் பழைய நாயைச் சுனாமி கொண்டுபோன பிறகு, "இனி இந்த வளவில நாயே வேணாம்" என்றவர் நீங்கள். இப்போது கறுப்பிக்கு மீன் அவித்துக் கொடுக்கிறீர்கள். சண்டை முடிந்து பத்து மாதமாகியும் வன்னிக்குப் போன அண்ணனைப் பற்றித் தகவலே இல்லை என்கிறீர்கள். இந்தத் தடவை அழாமல் சொன்னீர்கள். பின் அறையும் பூட்டியிருந்தது.

இதைப் பற்றிப் போனில் கதைக்க வேண்டாம். கடிதத்தைப் பூமணி மாமி கையில் அனுப்புகிறேன். அவர் திரும்பும்போது கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். விடுதியில் சமைக்க விடமாட்டார்கள், மணந்து பார்க்கத்தான்.

மாமி பஸ்ஸுக்கு அவசரப்படுகிறா. கறுப்பியைக் கூட்டி வந்தவனுக்கும் உண்ணி கடித்திருக்கும், தலையைக் கோதிப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே காதுக்குப் பின்னால் கை பட்டால் கூச்சத்தில் சத்தமாகச் சிரிப்பான். யன்னலைச் சாத்திவிட்டுப் பாருங்கள்.

உங்கள் மகள்
தக்சாயினி